வருகிற சத்தம்

வந்துவிட்டார். கதவைத் திறக்க வேண்டும்.

இப்படி நினைத்து முடிப்பதற்குள் அவள், வேலை முடிந்து வந்து சாய்ந்திருந்த கட்டிலை விட்டு இறங்கியிருந்தாள். ஒரு கால் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தது. கைகள் தாமாகவே கூந்தலை அள்ளி முடிச்சிட்டன. அறைக் கதவின் தாழ்ப்பாள் வரை போன பிறகுதான் புத்தி உடம்பை எட்டிப் பிடித்து நிறுத்தியது. யார் வந்துவிட்டார்? போன மழைக்காலத்துக்கு முன்பே கணவர் போய்ச் சேர்ந்தாயிற்றே.

கீழே, வாசல் கதவிலிருந்து அடுப்படி வரை நீளும் நடையில், டிக் டிக் டிக் என்று அந்தச் சத்தம் உள்நோக்கி வந்துகொண்டிருந்தது. மிதிக்காமல் உருளும்போது சைக்கிளின் பின் சக்கரத்து ஃப்ரீவீலிலிருந்து எழுகிற சத்தம். எல்லாச் சைக்கிளுக்கும் உள்ளதுதான் என்றாலும் அவருடைய மலைச் சைக்கிளில் அது கொஞ்சம் உரக்கக் கேட்கும், பெரிய வண்டு ஒன்று பல்லைக் கடிப்பதுபோல. கல்யாணமான புதிதில் தெருமுனையில் அது கேட்டதுமே அவள் கண்ணாடி முன்னால் போய் நிற்பாள். பிறகு வந்த வருடங்களில் கண்ணாடி விட்டுப்போயிற்று. கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டுக் கதவைத் திறக்கப் போவது மட்டும் மிஞ்சியது. படித்துக்கொண்டிருந்த புத்தகமானால் கவிழ்த்து வைப்பாள். கவிழ்த்து வைத்த எதையும் அன்றைக்கு மறுபடி நிமிர்த்தியதில்லை.

சத்தம் அடுப்படிப் பக்கம் வந்து நின்றது. சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும் வாசல் பக்கமிருந்து தொடங்கி உள்ளே வந்தது. அதுதான் அவளைக் குலைநடுங்க வைத்தது. வந்தது வெளியே போகவேயில்லை. போகாமலே மறுபடியும் வந்தது.

தாழ்ப்பாளில் வைத்த கையை எடுத்துக்கொண்டாள். திறந்து பார்த்து அங்கே யாரும் இல்லையென்றால் தனக்குப் பைத்தியம். யாராவது இருந்தால் அதைவிட மோசம். இந்த இரண்டுக்கும் அடியில், அவள் தொட்டுப் பார்க்க விரும்பாத மூன்றாவது ஒன்றும் இருந்தது. வந்துவிட்டார் என்று நினைத்த அந்தக் கணத்தில் முதலில் எழுந்தது சந்தோஷமும் இல்லை, பயமும் இல்லை. அதற்குள்ளாகவா என்ற ஒரு சலிப்பு. ஊரிலிருந்து சொன்ன நாளுக்கு முன்பே திரும்பிவிட்டவரைப் பார்க்கும்போது வருமே, அது.

அடுப்படி விளக்கு எரிந்த பிறகு கீழே இறங்கிப் போனாள். சைக்கிள் வழக்கம்போல நடையின் சுவரில் சாய்ந்து நின்றது. அத்தை பலகையை வைத்துக்கொண்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகன் போன பிறகு மாமியாரும் மருமகளும் மட்டும்தான் வீட்டில்.

"அத்தை, ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா?"

"என்ன சத்தம்?"

"டிக் டிக்குன்னு."

"குழாய் சொட்டுதோ என்னவோ. வாஷரை மாத்துன்னு எத்தனை நாளா சொல்றேன். இந்த வீட்டுல நான் சொல்றது யார் காதுல விழுது."

அவள் குழாயை இறுக்கினாள். அது சொட்டிக்கொண்டிருக்கவில்லை.

*

செருப்புக்கு அடிப்பாகம் வார்க்கிற தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. அச்சிலிருந்து சூடு ஆறி வரும் சோல்களைத் தரம் பிரிக்கும் மேசை அவளுடையது. ரப்பரின் கடினத்தை அளக்க ஊசிமுனை வைத்த கைக்கடிகாரம் மாதிரி ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். அந்த மேசைப் பெண்கள் யாரும் அதை முதலில் எடுப்பதில்லை. கட்டைவிரல் நகத்தை ரப்பரில் ஊன்றி எடுப்பார்கள். நகம் இறங்க மறுத்தால் அந்தச் சோல் வருடக்கணக்கில் உழைக்கும். ஈரத் தரையில் ஆளைக் கவிழ்த்துவிடும். நகம் இறங்கி, பதிந்த பிறை மெல்ல மறைந்தால் அது தரையைக் கவ்வும். ஆனால் சீக்கிரம் தேயும். கருவி இதற்குப் பிறகு வந்து கையெழுத்துப் போடும், அவ்வளவுதான்.

பக்கத்து இருக்கைக்காரிக்குப் பம்பரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு இடத்தில் நிற்கமாட்டாள். நின்றாலும் ஒரு கால் ஆடிக்கொண்டிருக்கும்.

"ஞாயித்துக்கிழமை என்ன பண்ணப்போறே?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணலை."

"அதை என்கூட வந்து பண்ணு."

பம்பரம் ஞாயிறுதோறும் சைக்கிளில் மலைத்தடத்துக்குப் போகிறவள். கடைசி வீட்டு வரிசைக்குப் பின்னால் தொடங்கி மரங்களுக்குள் ஏறி இறங்கும் ஒற்றையடித் தடம். பம்பரம் இவளுக்குத் தன் அண்ணனின் சைக்கிளைக் கொடுத்தாள், அது உயரம் அதிகம். சரளைக்கல்லில் வழுக்கி முதல் வளைவிலேயே புதருக்குள் விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்து யாரோ பலமாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. யாரென்று திரும்பிப் பார்த்தாள். அவள்தான் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதே தடத்துக்குத்தான் அவரும் ஞாயிறு தவறாமல் போய்க்கொண்டிருந்தார். "அதெல்லாம் உனக்கு ஒத்துவராது" என்று ஒரு தடவை சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளாது, குளிர்ந்த தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்பதுபோலச் சொன்னார். அவளும் தன் உடம்பைப் பற்றி வைத்தியர் சொன்ன தகவலைப்போல அதை வாங்கி வைத்துக்கொண்டாள்.

"அண்ணன் சைக்கிள்ல எத்தனை நாளைக்குத் தொத்திக்கிட்டு வருவே?" என்றாள் பம்பரம், இரண்டு மூன்று ஞாயிறுகளுக்குப் பிறகு. "உங்க வீட்டுல ஒண்ணு நிக்குதே. காட்சிக்கா?"

"அது அவரோடது."

"அவர் ஒண்ணும் சொல்லமாட்டார். சீட்டை இறக்கிக்கோ, சரியா இருக்கும்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் வலித்திருக்கும். பம்பரம் சொன்னதால், சரிதானே என்று பட்டது.

அன்று வீட்டுக்கு வந்ததும் நடையில் குந்தி உட்கார்ந்து சைக்கிளை முதன்முறையாகச் சரியாகப் பார்த்தாள். இரண்டு டயரும் புதியவை. எது வாங்கலாம் என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு வாங்கிவந்து, ஓர் இரவு இந்த நடையில் உட்கார்ந்து அவரே மாட்டினார். மறுநாள் சைக்கிளை எடுக்காமல் பஸ்ஸில் போய், அலுவலகப் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இந்த டயர்கள் தெரு மண்ணைக்கூடப் பார்த்ததில்லை.

கட்டைவிரல் நகத்தை ஊன்றினாள். இறங்கவில்லை. இன்னும் அழுத்தினாள். நகம்தான் வலித்தது. நல்ல உழைப்பு ரப்பர். அவள் மேசைக்கு வந்திருந்தால் யோசிக்காமல், தேறியதைப் போடும் வலது பக்கத் தட்டில் எறிந்திருப்பாள். டயரைப் பற்றி நண்பர்களிடம் கேட்டார், கடையில் கேட்டார், ஃபோனில் மணிக்கணக்கில் பேசினார். பகல் முழுக்க ரப்பரில் நகம் வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவளிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாதவர்மேல் கோபப்பட முடியுமா என்று தெரியவில்லை. கேட்காமலே தானாகச் சொல்லாதவள்மேல் படலாம்.

அப்போதுதான் அதைக் கவனித்தாள். புது டயருக்கு மீசை இருக்கும். அச்சிலிருந்து வரும்போது மெல்லிய ரப்பர் முடிகள் அங்கங்கே துருத்திக்கொண்டிருக்கும். சாலையில் ஒரு நாள் ஓடினால் உதிர்ந்துவிடும். இந்த டயர்களின் பக்கவாட்டில் மீசை அப்படியே இருந்தது. நடுவில், தரையைத் தொடுகிற இடத்தில், இரண்டு சக்கரத்திலும் சுற்றிலும் ஒரு முடிகூட இல்லை. தரையைப் பிடிக்கப் புடைத்திருக்கும் பட்டன்களின் நெற்றி வழவழவென்று மின்னியது.

உருண்டிருக்கிறது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மாதக்கணக்கில்.

ஆவிக்கு எடை கிடையாது. எடையில்லாதது ரப்பரைத் தேய்க்காது. தனக்குப் பைத்தியம் இல்லை என்று தெரிந்துபோயிற்று. ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அவளுக்கோ, அப்படியானால் உருட்டுவது யார் என்ற கேள்விதான் எழுந்தது.

*

மறுநாள் பொழுது சாய்ந்து, அந்தச் சத்தம் கேட்கிற நேரத்தில் அறையில் படுக்காமல், வெறுங்காலோடு மாடிப்படியின் திருப்பத்தில் வந்து உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் நடை முழுவதும் தெரியும்.

அத்தை அடுப்படியிலிருந்து வந்தாள். ஈரக் கையை மேல்துணியில் துடைத்துக்கொண்டாள். ஒருமுறை காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பிறகு சைக்கிளைச் சுவரிலிருந்து நிமிர்த்தி, ஹாண்டிலைப் பிடித்து, பின்னோக்கி வாசல் கதவு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். பின்னால் இழுக்கும்போது மிதிகட்டைகளும் கூடவே பின்னால் சுற்றின; ஃப்ரீவீல் வாயைத் திறக்கவில்லை. கதவை முதுகு தொட்டதும் நின்றாள். மூச்சை இழுத்துக்கொண்டு முன்னால் தள்ளினாள். டிக் டிக் டிக் டிக்.

ஓ, இவ்வளவுதானா என்று தோன்றியது அவளுக்கு. முன்னால் உருண்டால்தான் அது பேசும். பின்னால் போனால் ஊமை. அதனால்தான் இந்த வீட்டில் அவர் வருவது மட்டும் கேட்டது, போவது கேட்கவில்லை.

அடுப்படி வாசலில் அத்தை சைக்கிளை நிறுத்தினாள். கண்ணை மூடித் தலையைச் சற்றுச் சாய்த்தாள்.

"சக்கரத்தைத் துடைச்சிட்டு உள்ள வாயேன்டா," என்றாள். மகன் இருந்தபோது தினமும் சொன்ன அதே எரிச்சலோடு, அதே இழுப்போடு.

கண்ணைத் திறந்தாள். குழம்பை ருசி பார்த்துவிட்டு ஏதோ குறைகிறது என்று உதட்டைப் பிதுக்குகிறவளைப்போல முகம் கோணியது. சைக்கிளைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு மறுபடி வாசலுக்குப் போனாள்.

படியில் இருந்தவள் சத்தமில்லாமல் எழுந்து மேலே போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டாள். காலையில் அத்தை டீயைக் கொண்டுவந்து வைத்தாள். அவள் குடித்தாள். இரண்டு பேரும் குழாயைப் பற்றிப் பேசினார்கள்.

*

சைக்கிள் கடைக்காரருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. ஊரில் எல்லோரும் மொட்டை டயர் என்றுதான் கூப்பிடுவார்கள். "கோபம் வராதும்மா, அது தொழில் பேரு," என்பார்.

வேலை முடிந்து நேராக அங்கே போனாள்.

"மலைத்தடத்துல ஓட்டணும். மழை வரப்போகுது. ஈர வேர், பாசிக்கல் எல்லாத்துலயும் கவ்வணும். சும்மா சும்மா மாத்திக்கிட்டும் இருக்க முடியாது. உழைக்கணும்."

"எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க," என்றார் அவர். "கவ்வற டயர் தேயும். தேயாத டயர் கவ்வாது. ரெண்டும் சேந்தது கிடைச்சிருந்தா என் வீட்டுக்காரி என்னையா கட்டியிருப்பா?"

சொல்லிக்கொண்டே கொக்கியிலிருந்து டயர்களை இறக்கிப் போட்டார். அவள் ஒவ்வொன்றாக எடுத்து நகத்தை ஊன்றினாள். பிறை மறைகிற வரைக்கும் பார்த்தாள்.

"தக்காளியா வாங்கறீங்க?"

"இது ரொம்பப் பிஞ்சு. ஒரு மழைக்குத் தாங்காது."

அவர் சிரிப்பதை நிறுத்தி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, நகம் ரப்பரைச் சொல்லுது. பட்டனை யாரு சொல்றது? இங்க பாருங்க. பட்டன் நெருக்கமா இருந்தா நடுவுல சேறு அப்பிக்கும். அப்புறம் டயர் ஓடாது, மண் உருண்டைதான் ஓடும். தள்ளித் தள்ளி இருக்கணும், உசரமா இருக்கணும். இந்த ஓரத்துப் பட்டன்தான் வளைவுல உங்களைத் தாங்கும். அப்புறம் விலா, இந்தப் பக்கச்சுவர். கிள்ளிப் பாருங்க. மெல்லிசா இருந்தா கூர்க்கல்லு ஒரு இழுப்புல கிழிச்சுடும்."

அவள் கிள்ளிப் பார்த்தாள். கன்னத்தைக் கிள்ளுவதுபோல இருந்த ஒன்றை ஒதுக்கினாள். காது மடலைப்போலத் தடித்து வளைந்த ஒன்றை மடியில் வைத்துக்கொண்டாள்.

"முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு வேற வேறயா போடலாமா?"

"போடணும். முன்னாடி போறது பிடிக்கணும். பின்னாடி வர்றது உழைக்கணும். மிதிக்கிற பாரமெல்லாம் பின்னாடிதானே."

கடைசியில் முன்னுக்கு, பிறை நிதானமாக மறைகிற மென்மையான ஒன்று. பின்னுக்கு, நடு வரிசை கெட்டியாகவும் ஓரப் பட்டன்கள் இளகியும் இருந்த ஒன்று. இரண்டுக்கும் தடித்த விலா. தேர்ந்தெடுத்து முடித்தபோது அவளுக்கு லேசாகப் பசித்தது. வெகு நாளாகப் பசி என்று தனியாக ஒன்றை உணர்ந்ததில்லை.

"சார் மாதிரி இல்ல நீங்க," என்றார் அவர் டயரைச் சுருட்டிக்கொண்டே. "அவர் நாலஞ்சு தடவை வந்தார். எது ரொம்ப நாள் வரும், எது ரொம்ப நாள் வரும்னு அதே கேள்வி. கடைசியில நானே சொன்னேன், இதை எடுத்துக்கிட்டுப் போங்க சார், உங்களுக்கப்புறமும் இருக்கும்னு..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். வழுக்கைத் தலை வரைக்கும் சிவந்தது.

"சரியாத்தானே சொல்லியிருக்கீங்க," என்றாள் அவள்.

*

ஞாயிறு காலை சைக்கிளை நடையிலிருந்து எடுத்தபோது அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எங்க கொண்டு போறே?"

"டயர் மாத்த."

"ஏன், அது புதுசுதானே?"

"எனக்கு ஒத்துவராது அத்தை."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. அத்தைக்கும் உறைத்திருக்க வேண்டும். ஒரு கணம் அவள் வாயையே பார்த்தாள்.

"நீயா ஓட்டப்போறே?"

"ஆமா."

அத்தை கையைத் துடைத்துக்கொண்டாள். வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்தாள். "பழசைத் தூக்கிப் போட்டுடாதே," என்று மட்டும் சொன்னாள்.

முதல்நாள் நல்ல மழை. தடத்தின் செம்மண் குழைந்து கிடந்தது. கடையில் கழற்றிய பழைய டயர்களைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு அவள் போனதைப் பார்த்து, "என்ன, மலையை மீட்கப் போற தளபதி மாதிரி," என்றாள் பம்பரம். தடத்தின் தொடக்கத்தில் இருந்த மரக்கிளையில் அவற்றை மாட்டிவிட்டு ஏறினார்கள்.

முன்பு விழுந்த வளைவின் குறுக்கே ஒரு வேர் கிடந்தது, மழையில் நனைந்து மீன் முதுகுபோலப் பளபளத்தது. பம்பரம் தாண்டிவிட்டாள். பிரேக்கைத் தொடாதே என்று பம்பரம் முன்னாலிருந்து கத்துவது கேட்டது. முன் சக்கரம் வேரின்மேல் ஏறியது. வழுக்கப் போகிறது என்று உடம்பு முழுவதும் விறைத்துக் காத்திருந்தது. வழுக்கவில்லை. ரப்பர் வேரைக் கவ்வி, நிதானமாக விட்டது, நகப்பிறை மறைவதுபோல. இரண்டு கைகளுக்குள்ளும் அது தெரிந்தது. தன் விரல் தேர்ந்தெடுத்தது தன்னைத் தாங்குகிறது என்பதை அவள் அப்போது நினைக்கவில்லை. அப்போது வளைவு மட்டும்தான் இருந்தது.

அதைத் தாண்டியதும் நீளமான இறக்கம். மிதிப்பதை நிறுத்தினாள்.

டிக் டிக் டிக் டிக்.

திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை. கதவைத் திறக்க வேண்டும் என்று உடம்பு பரபரத்தது, சைக்கிளின் மேல் உட்கார்ந்திருக்கும்போதே. பிறகு இறக்கம் நீண்டுகொண்டே போயிற்று, சத்தமும் கூடவே வந்தது, அவளுக்குக் கீழே, அவளோடு. மரங்கள் கடந்து போயின. இங்கிருந்து கேட்டால் அதில் வருவதும் இல்லை, போவதும் இல்லை. காலுக்கு ஓய்வு கொடுத்திருக்கிற சத்தம், அவ்வளவுதான். வீட்டில் இரண்டு பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்த சத்தம் அவருக்குக் கேட்டுக்கூட இருக்காது. அவர்மேல் முதன்முறையாக ஒரு பிரியம் வந்தது. எந்தக் கடமையும் ஒட்டாத, பக்கத்தில் சைக்கிள் ஓட்டுகிற ஒருவர்மேல் வருகிற பிரியம்.

*

பம்பரத்தின் வீட்டில் சாப்பிட்டு, பேசி, அவள் திரும்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. வாசல் கதவு ஒருக்களித்திருந்தது. விளக்கு இன்னும் போடவில்லை. பழைய டயர்களைத் தோளிலிருந்து இறக்கி வாசலோரம் வைத்துவிட்டு, சேறும் சகதியுமாகச் சைக்கிளை நடைக்குள் உருட்டினாள்.

டிக் டிக் டிக்.

அடுப்படியில் பலகைமேல் ஓடிக்கொண்டிருந்த கத்தி நின்றது.

அத்தை முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். திரும்பவில்லை. தோள்கள் மட்டும் மெல்ல உயர்ந்தன. அவளும் பாதி நடையில் நின்றுவிட்டாள்.

"நிக்காதே. வா," என்றாள் அத்தை, சுவரைப் பார்த்தபடியே.

"அத்தை, நான்..."

"தெரியும். பேசாதே."

வெளியே யாரோ இருமிக்கொண்டு போனார்கள். சக்கரத்திலிருந்து ஒரு கட்டிச் சேறு தரையில் விழுந்தது.

"அன்னிக்கு நீ படியில உக்காந்து பாத்தே," என்றாள் அத்தை. "எனக்குத் தெரியும். நீ கேப்பே, கேப்பேன்னு பாத்தேன். கேக்கலை. நல்லதுதான்." கத்தியைப் பலகையில் கிடத்தினாள். "நான் உருட்டினா சரியா வரமாட்டேங்குது. கண்ணை மூடினாலும் கையில ஹாண்டில் இருக்கே. யாரு வர்றதுன்னு கைக்குத் தெரிஞ்சுடுது. இப்ப நான் பாட்டுக்கு நறுக்கிக்கிட்டிருந்தேன். நீ வருவேன்னு நினைக்கலை. சத்தம் கேட்டுச்சு. ஒரு நிமிஷம், நிமிஷம்கூட இருக்காது, வந்துட்டான்னு நினைச்சுட்டேன். கோவம்கூட வந்துச்சு. பாரு, சேத்தோட வர்றான்னு."

அந்தக் குரலில் இருந்தது சந்தோஷம்.

"தினமும் சாயங்காலம் ஒரே ஒரு தடவை," என்றாள் அத்தை. "விளக்கு போடறதுக்கு முன்னாடி. நீ வேலையிலேர்ந்து வந்ததும். நான் இப்படியே திரும்பி நிக்கிறேன். நீ ஒண்ணும் பேச வேண்டாம், உருட்டிக்கிட்டு வந்தா போதும். அப்புறம் நீ எங்க வேணா ஓட்டிக்கோ. நான் ஏன்னு கேக்கமாட்டேன்."

அவள் ஹாண்டிலில் ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டினாள்.

"டயரை மட்டும் பழசையே மாட்டிடு. இதுல அடியில சத்தம் வேற மாதிரி இருக்கு, ஈரமா. அது அவன் சத்தம் இல்ல."

அந்த டயர்களில் அவர் ஒரு நாளும் வீட்டுக்கு வந்ததில்லை. அத்தை மாதக்கணக்கில் தானே உருட்டி, தானே கேட்டு, அதைத்தான் மகனின் சத்தம் என்று பழக்கிக்கொண்டிருக்கிறாள். இதைச் சொல்லிவிடலாம். சொன்னால் ஒரே நொடியில் இருக்கிற கொஞ்சமும் போய்விடும். அவள் அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

எவ்வளவு சின்ன விஷயம் கேட்கிறாள். வாசலிலிருந்து அடுப்படிக்கு ஒரு நடை. இதில் என்ன குறைந்துவிடும்? ஒரு முதியவளுக்கு ஒரு கண நிம்மதி. அவள் தன்னைத் தேடிப் பார்த்தாள். குறைவது அந்த நடை இல்லை. நாளைக்கும், அதற்கு மறுநாளும், இந்த வீட்டுக்குள் அவள் வரும்போதெல்லாம் அவர்தான் வருவார். அவள் வந்தது யாருக்கும் கேட்காது. இன்னொன்றும் தெரிந்தது: கொஞ்ச நாள் போனால், இன்றைக்கு நான் திரும்பி நிற்கிறேன் அத்தை, நீங்கள் உருட்டுங்கள் என்று அவளே கேட்பாள். கேட்காமல் இருக்கமாட்டாள். கதவைத் திறக்க இன்னும் இறங்குகிற கால் அவளுக்கு இருக்கிறது. இருவரும் முறை வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் அவராக வந்துகொண்டே இருப்பார்கள்.

"வாசல் வரைக்கும் போயிட்டு மறுபடி வா," என்றாள் அத்தை. குரல் குழந்தையினுடையதுபோல இறங்கியிருந்தது. "இதோ, நான் பாக்கலை."

நெற்றியைச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

அவள் சைக்கிளைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு வாசல் கதவு வரை போனாள். சத்தமில்லை. கதவு முதுகில் பட்டது. நடையின் மறுமுனையில் அத்தையின் முதுகு, இருட்டில் இன்னும் கொஞ்சம் இருட்டாக, காத்திருந்தது.

அவள் ஒரு கையைச் சீட்டுக்கு அடியில் கொடுத்துப் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினாள். பாரமாகத்தான் இருந்தது. முன் சக்கரத்துக்கு நாக்கு கிடையாது. புது ரப்பர் தரையை ஒட்டி ஒட்டி எடுக்கிற ஓசை மட்டும், காதை வைத்தால் கேட்கிற அளவுக்கு. அப்படியே கொண்டுவந்து சுவரில் அதன் இடத்தில் சாய்த்துவிட்டு, பின் சக்கரத்தை மெதுவாகத் தரையில் இறக்கினாள்.

பிறகு அடுப்படியை நோக்கி நடந்தாள். ஈரச் செருப்பு ஒவ்வோர் எட்டுக்கும் கீச்சிட்டது. அவள் மேசையில் தரம் பார்த்த சோல்தான். சத்தத்தை மறைக்க அவள் அடிமேல் அடி வைத்து நடக்கவில்லை. வழக்கமாக எப்படி நடப்பாளோ அப்படி நடந்து, அத்தையின் பக்கத்தில் போய் நின்று, விளக்கைப் போட்டாள்.

"நான்தான் வந்திருக்கேன் அத்தை," என்றாள்.